வைஃபையும் ஒரு நோட்டுப் புத்தகமும்

கருவிகளுக்கு நேரும் பழுதுகள் இரு திறத்தன. ஒன்று முற்றும் நின்றுபோதல். மற்றொன்று நின்று நின்று நடத்தல். இவற்றுள் முன்னதே கொடிது எனப் பலரும் எண்ணுவர். எமக்கோ பின்னதே கொடிதாகத் தோன்றுகின்றது. முற்றும் நின்ற கடிகாரத்தைப் பழுது பார்ப்பவன் கையிற் கொடுத்தால், அவன் மூடியைத் திறந்து, அறுந்த வில்லை அப்பொழுதே எடுத்துக் காட்டிவிடுவான். நாளில் இருமுறை மட்டும் தயங்கும் கடிகாரமோ, அவன் மேசைமேல் ஒரு வாரம் கிடந்தாலும், அவன் பார்க்கும்போதெல்லாம் செவ்வனே ஓடும். வீட்டிற்கு வந்த மாலையே பழையபடி தயங்கும். கடிகாரத்திற்கு யாதொரு குறையும் இல்லை என்று அவன் சொல்லியனுப்பும்போது, குறை உடையவன்மேல் வந்து விழுகின்றது.

மருத்துவர் இவ்வகைப் பிணியை நெடுங்காலமாக அறிவர். முறைக்காய்ச்சல் என்று நம்மவர் வழங்கும் மலேரியாச் சுரம் விட்டு விட்டு வருவது. அதன் ஒருவகை 48 மணி நேரத்திற்கு ஒருமுறை ஏறும். பிறிதொருவகை 72 மணி நேரத்திற்கு ஒருமுறை ஏறும். ஏறாத நாளில் நோயாளி எழுந்து உலாவுவான். அவனைச் சோம்பேறி என்று சொல்லிவிடுதல் மிகவும் எளிது. ரொனால்டு ராஸ் என்பார் செகந்தராபாத்தில் கொசுவின் வயிற்றுள் அந்நோயின் கிருமியைக் கண்டது 1897ஆம் ஆண்டில். அதற்குப் பல நூற்றாண்டு முன்னரே மருத்துவர், சுரம் ஏறிய வேளையைக் கேட்டுக் குறித்து, இஃது இன்ன வகை என்று பகுத்துணர்ந்தனர். கிருமியை அறியாதவரும் வேளையை அறிந்திருந்தனர் என்பதே ஈண்டு எமக்கு வேண்டுவது.

இவ்வளவும் ஓர் அலுவலகத்தில் வைஃபை விட்டு விட்டு அறுந்த கதைக்கு முன்னுரையோ என அன்பர்கள் நகைக்கலாம். நகைக்கத்தக்க பொருள்தான், எனினும் அவ்வறுப்பினால் ஒருவருடைய கூலி குறைந்தது, நற்பெயரும் குறைந்துகொண்டிருந்தது. ஆதலின் அதனை முறைப்பட எழுதத் துணிந்தோம்.

வைஃபை என்பது வானொலியைப் போன்றதோர் அலையே. கம்பியின்றிக் கணினிகள் உரையாடுதற்கு 1971ஆம் ஆண்டில் ஹவாய்ப் பல்கலைக்கழகத்தார் தீவுகளுக்கிடையே அலோஹா என்னும் வலையை அமைத்தனர். இருவர் ஒருங்கே பேசினால் இருவர் பேச்சும் கெடும். கெட்டதைச் சற்றுப் பொறுத்து மீண்டும் சொல்லுக என்பது அவர் கண்ட நெறி. இன்றைய வைஃபைக்கு அடிப்படையான முதல் விதிமுறை 1997இல் வெளிவந்தது. இவ்வலைகளுள் பெரும்பான்மையும் 2.4 கிகாஹெர்ட்ஸ், 5 கிகாஹெர்ட்ஸ் என்னும் இரு பகுதிகளில் உலவுவன. முன்னதில் நம் நாட்டில் 13 சேனல்கள் உள. பதின்மூன்று என்று கேட்டு மகிழ வேண்டா. அவை ஒன்றன்மேல் ஒன்று படிந்தவை; ஒன்றோடொன்று உராயாமல் இயங்கத்தக்கன 1, 6, 11 என்னும் மூன்றே. ஒரு தெருவில் இருபது ரௌட்டர்கள் இருப்பின், அவை அம்மூன்று சால்களுள்ளேயே உழுதாகல் வேண்டும்.

இதனினும் முதன்மையானது, நம் செய்தி செல்லும் வழி ஒன்றன்று என்பது. மடிக்கணினியிலிருந்து ரௌட்டர்வரையில் காற்று வழி. ரௌட்டரிலிருந்து நிறுவனத்தார் நிலையம்வரையில் கம்பி வழி, இக்காலத்தில் பெரும்பாலும் கண்ணாடி இழை வழி. இவ்விரண்டும் செவ்வையாக இருந்தாலும், செய்தி செல்லவேண்டிய முகவரி பிறழ்ந்தால் அது சேராது. திரையின் மூலையில் நாம் காணும் விசிறி போன்ற கோடுகள் காற்று வழி ஒன்றையே அளந்து காட்டுவன. கோடுகள் நிறைந்திருக்கின்றன, ஆதலால் இணையம் இருக்கின்றது என்று கருதுதல், வாசற்படியில் தபால்காரர் நிற்பதைக் கண்டு, சென்னைக்குச் செல்லும் ரயிலும் புறப்பட்டுவிட்டது என்று துணிவதை ஒக்கும். ஆயினும் அக்கோடுகளைப் பார்த்தே உலகம் தீர்ப்பு அளிக்கின்றது.

இனி அலுவலகத்தைக் கூறுவாம். அதன் பெயரும் ஊரும் வேண்டா. பழைய ஞானஸ்நானப் பதிவேடுகளையும் விவாகப் பதிவேடுகளையும் படித்துக் கணினியில் ஏற்றுவது அங்கே நடந்த தொழில். தமிழ் பயில்வோர் பழங்கையெழுத்தைப் படிப்பர் என்னும் நம்பிக்கையால் விடுமுறையில் எம்மையும் சேர்த்துக்கொண்டனர். நம்பிக்கை முழுதும் வீண்போகவில்லை. அப்பதிவேடுகளில் புள்ளி இடார். காலும் ரகரமும் ஒரே வடிவின. பெயரை ஊரைக்கொண்டும் தந்தை பெயரைக்கொண்டும் ஊகித்தே படித்தல் வேண்டும். அவ்வின்பத்தை வேறொரு கட்டுரையில் எழுதுவோம்.

அங்கே எம்மையும் சேர்த்து ஐவர். அவருள் மூத்தவர் எம்மினும் இருபதாண்டு முதியவராகிய ஓர் அம்மையார்; அக்காள் என்றே யாவரும் அழைப்போம். ஒரு பதிவு ஏற்றினால் இவ்வளவு என்று கணக்கிட்டே கூலி கொடுக்கப்பட்டது. பதிவு ஏற்றும் படிவம் தொலைவிலுள்ள ஒரு கணினியில் இருந்தது. ஒரு பக்கத்திற்குரிய பதினைந்து இருபது பெயர்களையும் அடித்து முடித்து, இறுதியில் ஒருமுறை பொத்தானை அழுத்தி அனுப்புதல் வேண்டும். இடையே தொடர்பு அறுந்து சிறிது நேரம் கழிந்தால், நுழைவே காலாவதியாகி, அடித்த யாவும் மறைந்துபோம். அக்காளுக்கு இது நாள்தோறும் நேர்ந்தது. எமக்கும் ஏனையோர்க்கும் சிலபோது நேர்ந்தது. அக்காளுக்கு நேர்ந்ததில் பாதியும் இராது.

மேலாளர் கொடியவரல்லர். காலந்தவறாது கூலி கொடுப்பவர். மழை நாளில் முன்னதாகவே அனுப்பிவிடுபவர். ஆயினும் அவர் தம் அறையிலிருந்து கையில் ஒரு தாளோடு கூடத்திற்கு வரும்போதெல்லாம், அக்காள் விரல் ஓய்ந்து திரையைப் பார்த்துக்கொண்டிருப்பதையே கண்டார்.

"என்னம்மா, நான் எப்போது வந்தாலும் சும்மாவே உட்கார்ந்திருக்கிறாயே?"

"நெட் போய்விட்டது, ஐயா."

"மற்ற நாலு பேருக்கும் இருக்கிறதே. உனக்கு மட்டும் எப்படியம்மா போகும்?"

இதற்கு அக்காளிடம் விடை இல்லை. ஒருமுறையன்று, இருமுறையன்று, பலமுறை நிகழ்ந்தது இது. பார்த்த கண்ணுக்கு அது பொய்யாகவே தோன்றும். திரையில் கோடுகளும் நிறைந்து நின்றன. இரு வாரங்களுக்கு அக்காளின் பதிவுக் கணக்குக் குறைந்தது. கூலியும் அவ்வளவே குறைந்தது. மூன்றாம் வாரத்தில், வேறு ஆளைப் பார்க்கலாமா என்னும் பேச்சும் எம் காதில் விழுந்தது.

காரணம் என்னை என்று ஆளுக்கொன்று கூறினர். பக்கத்துச் செல்போன் கடையின் வைஃபை குறுக்கிடுகிறது என்றார் ஒருவர். வைரஸ் என்றார் ஒருவர். மைக்ரோவேவ் அடுப்பு என்றார் இன்னொருவர், அவ்வடுப்பு 2.45 கிகாஹெர்ட்ஸில் இயங்குவது ஆகலின், அது வைஃபையைக் கலைக்கும் என்பது மெய்யே. ஆனால் எம் அலுவலகத்திற்குத் தேநீர் முனைக்கடையிலிருந்து பிளாஸ்கில் வந்தது. அடுப்பென்று சொல்லத்தக்கது யாதொன்றும் அங்கில்லை. நிறுவனத்தாரைத் தொலைபேசியில் அழைத்தால், "ஒருமுறை ஆஃப் செய்து ஆன் செய்து பாருங்கள்" என்றனர். பழுது பார்ப்பவர் ஒருவர் நேரிலும் வந்தார். அவர் இருந்த அரைமணி நேரமும் யாவும் ஒழுங்காகவே நடந்தன. அவரும் அணைத்து ஏற்றிவிட்டு, எல்லாம் சரி என்று சொல்லிச் சென்றார்.

இந்த அணைத்து ஏற்றும் மருந்தைப் பற்றி ஒன்று கூறாது விடுதற்கில்லை. அது பலபோது குணம் தருகின்றது. அதனாலேயே ஆராய்ச்சிக்குப் பகையாகின்றது. சிறு ரௌட்டர்கள் பலவும் தம்முள் நிகழ்ந்தவற்றைக் குறித்துவைக்கும் ஏடு நிலையற்ற நினைவில் இருப்பது. அணைத்தால் ஏடும் அழியும். களவு நடந்த வீட்டைப் போலீசார் வருமுன் நன்றாகக் கூட்டிப் பெருக்கி வைப்பவரை நாம் மெச்சுவதில்லை.

யாம் முதற்கண் காற்று வழியை ஆராய்ந்தோம். ரௌட்டர் ஓர் இரும்பு அலமாரியின் மேல் சுவரோரம் ஒதுங்கிக் கிடந்தது. இரும்பு அலையை ஊடு செல்ல விடாது திருப்பிவிடும். கைப்பேசியிலுள்ள ஒரு செயலியால் அளந்தபோது அக்காள் இருக்கையில் அலையின் வலிமை −74 டெசிபல்மில்லிவாட் இருந்தது. ரௌட்டரை எடுத்துக் கூடத்தின் நடுச்சுவரில் ஆணியடித்து மாட்டியபின் −58 ஆயிற்று. எண்ணளவில் வேறுபாடு 16தான். ஆயின் இக்கணக்கில் ஒவ்வொரு பத்தும் பத்து மடங்காதலின், வலிமை ஏறக்குறைய நாற்பது மடங்கு உயர்ந்தது. தெருவிலுள்ளோர் பலரும் 6ஆம் சேனலில் குழுமியிருந்தனர். எம் ரௌட்டரை 11க்கு மாற்றினோம். விரைவு கூடிற்று, யாவரும் மகிழ்ந்தனர். மறுநாட் காலை பத்தரைக்கு அக்காளுக்குத் தொடர்பு அறுந்தது. காற்று நாற்பது மடங்கு தெளிந்தும் அறுப்பு ஒருமுறையேனும் குறையாமையின், குற்றம் காற்றில் இல்லை என்று தேறினோம். அவ்வளவில் அஃதும் ஓர் ஊதியமே.

அதன்பின் நாற்பது பக்க நோட்டு ஒன்று வாங்கிக் கூடத்து மேசைமேல் வைத்தோம். யாருக்கு அறுந்தாலும் அவர் தம் கையால் எழுதுதல் வேண்டும்: வேளை, யாருக்கு, கோடுகள் இருந்தனவா, ரௌட்டரின் விளக்குகள் எரிந்தனவா, எப்போது மீண்டது. சுவர்க் கடிகாரம் ஆறு நிமிடம் முந்தி ஓடியது. ஆதலின் கணினி காட்டும் மணியையே எழுதுக என ஏற்பாடு செய்தோம். வேளை பிறழ்ந்தால் நோட்டு பயனற்றதாம்.

இதனோடு பிங் என்னும் சிறு நிரலையும் ஓடவிட்டோம். அது 1983இல் மைக் மூஸ் என்னும் அமெரிக்கர் எழுதியது. 'இருக்கிறாயா?' என்று ஒரு சிறு பொட்டலத்தை நொடிக்கொன்றாக அனுப்பும். எதிரிலுள்ளது 'இருக்கிறேன்' என்று திருப்பியனுப்பும். போய்வந்த நேரத்தை நொடியின் ஆயிரத்தில் ஒரு கூறாகக் காட்டும். ஒரு சாளரத்தில் ரௌட்டரை வினவச் செய்தோம். மற்றொரு சாளரத்தில் வெளியூர்க் கணினி ஒன்றை வினவச் செய்தோம். வெளியூர் மட்டும் வாய் மூடினால் குற்றம் நிறுவனத்தார் பக்கத்தது. ரௌட்டரும் வாய் மூடினால் குற்றம் எம் சுவர்களுக்குள்ளேயே இருப்பது.

பதினொரு நாளில் நோட்டில் முப்பத்தொரு குறிப்புகள் சேர்ந்தன. ஒட்டுமொத்தமாகப் பார்த்தால் ஒழுங்கொன்றும் இல்லை. சுவடி பதிப்பிப்போர் செய்யும் முறை எமக்கு நினைவிற்கு வந்தது. 1887இல் சீவக சிந்தாமணியை அச்சிற் கொணர்ந்த உ. வே. சாமிநாதையர் போன்றார், கிடைத்த பிரதிகளையெல்லாம் ஒப்புநோக்கினர். ஒரே இடத்தில் ஒரே பிழை உடைய ஏடுகள் ஒரு தாயேட்டின் வழிவந்தன என்பது பதிப்பாளர் கொள்கை. அங்ஙனமே யாமும் குறிப்புகளை அவற்றின் வடிவு நோக்கிப் பிரித்தோம். உடனே அவை இரு குடும்பங்களாயின.

முதற் குடும்பத்தில் ஒன்பது. அவற்றுள் ஐவருக்கும் ஒரே நொடியில் அறுந்தது. ரௌட்டரும் விடை சொல்லவில்லை. பட்டியலில் எம் வைஃபையின் பெயரே காணவில்லை. இரண்டரை நிமிடத்திற்குச் சற்று முன்பின்னாக யாவும் தாமே மீண்டன. எப்போதும் இரண்டரை நிமிடம் என்பதே எம் கண்ணில் உறுத்திற்று. ரௌட்டரை அணைத்து ஏற்றி மணி பார்த்தோம். அது துயில் எழுந்து வேலைக்கு நிற்க அதே இரண்டரை நிமிடம் எடுத்தது. அடுத்தமுறை அறுந்து மீண்டதும் ரௌட்டரின் உட்பக்கத்தைத் திறந்து, அது விழித்து எத்துணை நேரமாயிற்று என்று காட்டும் எண்ணைப் பார்த்தோம். காலை முதல் ஓடுவது நான்கு நிமிடமாக ஓடுவதாகச் சொல்லிற்று. ஒருவரும் தொடாமலே அணைந்து எழுந்திருக்கின்றது!

ஏன் அணைந்தது என்பது வெட்கத்தக்க அளவுக்கு எளிது. விளக்குகளுக்கும் விசிறிகளுக்கும் இன்வெர்ட்டர் இருந்தது. கணினிகள் யாவும் மடிக்கணினிகள், தத்தம் பேட்டரி உடையன. ரௌட்டர் செருகியிருந்த பாயிண்ட் மட்டும் இன்வெர்ட்டர் இணைப்பில் இல்லை. மின்சாரம் ஒரு நொடி தாழ்ந்து எழுந்தால் விளக்கு ஒருமுறை கண் சிமிட்டும், அவ்வளவே. யாரும் அதனைப் பொருட்படுத்தார். ரௌட்டர் ஒன்றே உண்மையில் இருளில் விழுந்து எழும். செருகியை வேறு பாயிண்டிற்கு மாற்றினோம். அன்றோடு முதற் குடும்பம் அற்றது. மேலாளர் பெரிதும் மகிழ்ந்து, "தம்பி, எல்லாம் தீர்ந்தது" என்று எம் முதுகில் தட்டினார். தீர்ந்ததென்று அவர் துணிந்தமை அக்காளுக்குப் பெருந்தீங்காயிற்று. இனி நெட் போய்விட்டது என்று சொல்ல அவருக்கு வாயில்லை.

ஏனெனில் இரண்டாங் குடும்பத்து இருபத்திரண்டும் அக்காளுக்கே நேர்ந்தவை. கோடுகள் நிறைந்திருக்கும்; ரௌட்டரின் விளக்குகள் எரியும்; அயலில் எம் கணினி தடையின்றி நடக்கும்; அக்காளின் கணினிக்கு மட்டும் ரௌட்டர் விடையிறாது. அலை உண்டு, மறுமொழி இல்லை. இருக்கையை மாற்றி ரௌட்டரின் கீழேயே அமர்த்திப் பார்த்தோம், அங்கும் அறுந்தது. பின்னர் எம் கணினியை அவரிடம் கொடுத்து, அவருடையதை யாம் வைத்துக்கொண்டோம். ஒன்றரை நாள் ஒன்றும் நிகழவில்லை. இரண்டாம் நாட் பிற்பகல் 3.10 மணிக்கு எம் கையிலிருந்த கணினி ஊமையாயிற்று. அக்காள் நிமிர்ந்து பார்த்தார், ஒன்றும் பேசவில்லை. குற்றம் ஆளைப் பற்றியதன்று, கணினியைப் பற்றியது என்பது அந்த 3.10க்கு நிலைபெற்றது.

பிறவிக் குருடன் ஒருவனைக் கண்ட சீடர்கள், நோயை ஆராயாமல் குற்றவாளியைத் தேடிய செய்தி யோவான் எழுதின சுவிசேஷத்தின் 9ஆம் அதிகாரத்தில் உள்ளது. நாள்தோறும் வேதம் வாசித்துத் தொடங்கும் அலுவலகத்திலும் முதலில் எழுந்தது அக்கேள்வியே.

திறவுகோலைக் கண்டுபிடித்தவர் யாமல்லேம், அக்காளே. நோட்டில் யாம் வகுத்த பத்திகளுக்கு வெளியே, ஓரத்தில், பென்சிலால் அவர் சில இடங்களில் 'மிஷின் சத்தம்' என்று எழுதியிருந்தார். என்ன மிஷின் என்று வினவினோம்.

"ஐயா ரூமில் பிரிண்டர் போடும்போது ஒரு சத்தம் வரும், தம்பி. அது வந்தால் எனக்குப் போய்விடும். சொன்னால் யார் நம்புவார்கள் என்று ஓரத்தில் எழுதினேன்."

மேலாளர் அறையிலிருந்த பிரிண்டர் எந்தக் கணினியோடும் கம்பியால் கட்டப்படாது, வைஃபையிலேயே இயங்குவது. மின்சாரச் செலவை அஞ்சி, அச்சிட வேண்டியபோது மட்டும் அதனை ஏற்றி, அச்சிட்டதும் அணைத்துவிடுவது அவர் வழக்கம். இவ்விரண்டையும் சேர்த்துப் பார்த்தபோது எமக்கு மயிர்க்கூச்செறிந்தது. பிரிண்டரை ஏற்றுகிறார், அக்காளின் தொடர்பு அறுகின்றது, அச்சான தாளை எடுத்துக்கொண்டு கூடத்திற்கு வருகிறார், அக்காள் சும்மா இருப்பதைக் காண்கிறார். அவர் வரும்போதெல்லாம் அக்காள் சும்மா இருந்தது மெய்யே. அவர் கண்டதிற் பொய்யில்லை.

இது நிகழ்ந்தவாறு: ஒரு வலையிலுள்ள ஒவ்வொரு கருவிக்கும் ஒரு முகவரி எண் உண்டு. பெரும்பாலும் அதனை ரௌட்டரே அவ்வப்போது வழங்கும். வாங்கிய கருவி நேற்றைய எண்ணையே இன்றும் கேட்கும். ரௌட்டரும் இடையூறில்லையேல் அதனையே கொடுக்கும். சிலர் ரௌட்டரைக் கேளாமல் கருவியிலேயே ஓர் எண்ணைக் கையால் எழுதிவிடுவர். அப்பிரிண்டரை முன்னர்ப் பொருத்தியவர் அங்ஙனமே 192.168.1.7 என எழுதிச் சென்றிருந்தார். அது ரௌட்டருக்குத் தெரியாது. பிரிண்டர் அணைந்திருக்கும்போது 7ஆம் எண் வெற்றிடம் எனக் கருதி, அதனை அக்காளின் கணினிக்கு வழங்கிற்று. பிரிண்டர் விழித்ததும் ஒரே தெருவில் ஒரே கதவெண்ணோடு இரு வீடுகள் நின்றன. இன்ன எண் இன்ன கருவியது என்று கேட்டறியும் முறை 1982இல் வகுக்கப்பட்டது. அம்முறையில், 'அவ்வெண் என்னுடையது' என்று எது சொன்னாலும், ரௌட்டர் ஐயுறாமல் ஏற்றுக்கொள்ளும். விழித்த பிரிண்டர் அவ்வாறு சொல்ல, அக்காளின் கணினிக்கு வரவேண்டிய மறுமொழியெல்லாம் மேலாளர் அறைக்குச் சென்றன. பிரிண்டர் அவற்றை வாங்கி எறிந்துவிடும். அதற்கு அவை எதற்கு? பிரிண்டரை அணைத்தபின் எண் மீண்டும் அக்காளுடையதாகும். சிலபோது கணினி வேறோர் எண்ணை வாங்கிக்கொண்டு பிழைக்கும்; அவ்வப்போது ஓரிரு நாள் தொல்லையின்றி இருந்ததற்குக் காரணம் அதுவே.

ஊகம் எத்துணை அழகியதாயினும் சான்று வேண்டும். விண்டோஸ் தன்னுள் வைத்திருக்கும் நிகழ்ச்சி ஏட்டை அக்காளின் கணினியில் திறந்தோம். 4199 என்னும் குறியோடு, இம்முகவரியை வேறொரு கருவியும் கொண்டுள்ளது என்று, நோட்டில் கண்ட வேளைகளிலேயே வரிவரியாக எழுதியிருந்தது. அக்கருவியின் பிறவி எண்ணையும் எழுதியிருந்தது. பிறவி எண் என்றது, ஒவ்வொரு கருவிக்கும் அதனைச் செய்தவர் இடும் 48 பிட் எண்ணை. அதன் முற்பாதி செய்த நிறுவனத்தைக் காட்டும். கணினி இவ்வளவு நாளும் உண்மையை எழுதிக்கொண்டே இருந்திருக்கின்றது, திறந்து படிப்பாரில்லை.

எஞ்சியது மேலாளரிடம் சொல்லுதல். யாம் பத்தொன்பது வயதினேம், விடுமுறைக் கூலி. அவரோ எம் தந்தையினும் மூத்தவர். உங்கள் பிரிண்டரே காரணம் என்று நேரே சொன்னால், அக்காளுக்காகப் பரிந்து பேசுவதாகவே கொள்வர். ஆதலின் சொல்லவில்லை. "ஐயா, கொஞ்சம் கூடத்திற்கு வர முடியுமா?" என்று அழைத்து, அக்காளின் திரைமுன் நிறுத்தினோம். பிங் நொடிக்கொன்றாக விடை பெற்றுக்கொண்டிருந்தது. உள்ளே சென்ற எம் தோழர் பிரிண்டரை ஏற்றினார். சத்தம் கேட்டது. சில நொடிகளில் வரிகள் நின்றன. அணைத்தார், சற்றுப் பொறுத்து வரிகள் மீண்டன. மேலாளர் ஒன்றும் சொல்லாமல் தாமே உள்ளே சென்றார். சத்தம், வரிகள் நின்றன. மறுமுறையும் ஏற்றிப் பார்த்தார். பின்னர் வெளியே வந்து, பிரிண்டரின் பின்புறத்துச் சீட்டில் இருந்த எண்ணைத் தாம் ஒரு தாளில் எழுதிக் கொணர்ந்ததைத் திரையிலிருந்த எண்ணோடு எழுத்தெழுத்தாக ஒப்பிட்டார். பன்னிரண்டும் ஒத்தன.

பரிகாரத்திற்குப் பத்து நிமிடமும் ஆகவில்லை. பிரிண்டரில் கையால் எழுதியதை நீக்கி, ரௌட்டரிலேயே அதன் பிறவி எண்ணுக்கு 200ஆம் முகவரியை ஒதுக்கினோம். ஏனைய கருவிகளுக்கு வழங்குவதை 2 முதல் 150 வரை என்று வரம்பிட்டோம். நோட்டு இன்னும் இரு வாரம் மேசைமேற் கிடந்தது. அதில் ஒரு குறிப்பே ஏறிற்று; அன்று தெருவில் கண்ணாடி இழையை யாரோ வெட்டிவிட்டனர், மாலைவரை ஊருக்கே இல்லை.

மேலாளர் அக்காளிடம் மன்னிப்பு என்னும் சொல்லைச் சொன்னதாக யாம் கேட்கவில்லை. அடுத்த சனிக்கிழமை கூலி கொடுக்கும்போது அக்காளின் உறை சற்றுத் தடித்திருந்தது. முன்னிரண்டு வாரங்களில் மறைந்துபோன பக்கங்களை நோட்டிலுள்ள வேளைகளைக்கொண்டு அவரே இரவில் கணக்கிட்டிருக்கிறார்.

"கணக்குச் சரியா, பாரும்மா."

அக்காள் அங்கேயே நின்று எண்ணினார். "இரண்டு பக்கம் கூட வைத்திருக்கிறீர்கள், ஐயா" என்று சொல்லி, அதற்குரியதை மேசைமேல் வைத்துவிட்டுத் தம் இருக்கைக்குச் சென்றார்.